கப்பல் காத்திருக்காது: ஒரு நாளில் கண்டி பார்க்க வந்தவர்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. பிளேன்டீ ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள். நம் கண்டியைப் பற்றியது, நம்மைப் பற்றியது. முதலில் நான் வெட்கப்பட்ட கதையைச் சொல்லிவிடுகிறேன். வரலாறு அதற்குப் பிறகு வரும்.

ஒரு சனிக்கிழமை காலை, கொழும்பிலிருந்து வரும் என் மச்சானைக் கூட்டிவரக் கண்டி ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். கோச்சி வந்தது, மச்சான் வரவில்லை. கோட்டையில் கோச்சியைத் தவறவிட்டுவிட்டாராம். திரும்பப் போகும்போது வெள்ளைத் தாடியோடு வயதான ஒருவர் என் தொப்பியைப் பார்த்து ஸலாம் சொன்னார். கையில் ஒரு சின்னப் பை, வேறொன்றும் இல்லை.

எகிப்துக்காரர். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். ஐரோப்பாவில் இருக்கும் மகள் எடுத்துக் கொடுத்த டிக்கட்டில் ஒரு பெரிய உல்லாசக் கப்பலில் போய்க்கொண்டிருக்கிறார். கப்பல் அன்று விடியற்காலை கொழும்புத் துறைமுகத்துக்கு வந்திருக்கிறது, இரவு புறப்படும். மற்றப் பயணிகளைக் கப்பல்காரர்கள் ஏசி பஸ்களில் ஏற்றிக் கண்டிக்கு அனுப்பியிருக்கிறார்கள். இவர் மட்டும் துறைமுக வாசலால் வெளியே வந்து, கோட்டை ஸ்டேஷனில் டிக்கட் எடுத்து, தனியாகக் கோச்சியில் வந்திருக்கிறார்.

ஏன் என்று கேட்டேன். கப்பல்காரர்கள் கொடுத்த பட்டியலில் தலதா மாளிகை இருந்தது, பேராதனைப் பூங்கா இருந்தது, மாணிக்கக்கல் கடை இருந்தது, தேயிலை இருந்தது. அவர் பார்க்க விரும்பிய இடம் இல்லை.

“ஒராபி பாஷாவின் வீடு எங்கே, உஸ்தாத்?” என்று கேட்டார்.

நான் வரலாறு படிப்பிக்கிறவன். இருபது வருடத்துக்கு மேலாக. ஒராபி பாஷா எந்த வருடம் வந்தார், எந்த வருடம் போனார் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வீடு ஹல்லொலுவ வீதியில் இருக்கிறது என்பதும் தெரியும். ஆனால் ஒரு நாளும் போனதில்லை. எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும், ஒன்றும் தெரியாது. ஏழு கடல் தாண்டி வந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது, நாலைந்து மைலுக்குள் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியவில்லை.

த்ரீவீலர் பிடிப்போம் என்றேன். வேண்டாம் என்றார். ஊர் மக்கள் எதில் போகிறார்களோ அதில் போவோம் என்றார். ஒரே ஒரு நிபந்தனை: மூன்று மணிக் கோச்சியை விடக்கூடாது. கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது.

சரி, இங்கே கதையை நிறுத்தி வரலாற்றுக்கு வருகிறேன். கப்பலில் வந்து கண்டியையும் மலைநாட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களின் கதை மிகப் பழையது. அந்தக் கதையில் நம்முடைய பங்கும் இருக்கிறது.

*

கப்பல் காத்திருந்த ஒரு காலமும் உண்டு.

1344ஆம் ஆண்டு. மொரோக்கோவின் இப்னு பதூதா மாலைதீவிலிருந்து மஃபர் என்ற சோழமண்டலக் கரைக்குப் போகப் புறப்பட்டார். காற்று அவரது கப்பலை இலங்கையின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. புத்தளத்தில் இருந்த ஆரியச் சக்கரவர்த்தி அவரை வரவேற்றார். இப்னு பதூதா கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பாவா ஆதம் மலைக்குப் போக வேண்டும். மன்னர் பல்லக்கும் தூக்குவோரும் வழித்துணையும் கொடுத்தார். கப்பல் தலைவர் என்ன செய்தார் தெரியுமா? நீங்கள் திரும்பி வரும்வரை நான் கடலில் இறங்கமாட்டேன், ஒரு வருடம் ஆனாலும் சரி என்று சொல்லிக் காத்திருந்தார்.

மலைநாட்டில் அவர் கண்ட தலைநகர் குருநாகலா கம்பளையா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். எதுவானாலும், கப்பலிலிருந்து இறங்கி நம் மலைகளுக்கு வந்து அதை எழுதியும் வைத்த பயணிகளில் முன்வரிசையில் இருப்பவர் அவர்.

அதற்குப் பிறகு கண்டி இராச்சியம் வந்தது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று ஒருவர் பின் ஒருவராகக் கரையில் இருந்தார்கள். எதிரி ஏறி வரக்கூடாது என்பதற்காக மன்னர்கள் நல்ல வீதிகளையும் பாலங்களையும் போடாமல் விட்டார்கள். காடும் கணவாயும்தான் கோட்டை. அப்படியானால் உப்பும் கருவாடும் மலைக்கு எப்படி வந்தன? பாக்கு எப்படிக் கரைக்குப் போனது?

தவளத்தில். பொதி மாடுகளில்.

தவளம் ஓட்டியவர்களில் பெரும்பான்மையோர் நம் மூதாதையர். 1626இல் போர்த்துக்கேயர் முஸ்லிம்களைக் கரையோரப் பகுதிகளிலிருந்து விரட்டியபோது, செனரத் மன்னர் அவர்களைத் தம் இராச்சியத்தில் குடியேற்றினார். அதற்கு முன்பே இங்கே இருந்தவர்களும் உண்டு. கண்டி அரசில் பொதி மாட்டுப் போக்குவரத்துக்கென்றே ஒரு திணைக்களம் இருந்தது. மடிகே பத்த என்பது அதன் பெயர். அதில் வேலை செய்தவர்களில் நம்மவர்கள் நிறைய இருந்தார்கள். இன்றும் மடிகே என்று பெயர் கொண்ட முஸ்லிம் கிராமங்கள் மலைநாட்டில் இருக்கின்றன. கண்டிக்கும் கடலுக்கும் இடையில் பாதையைக் கால்நடையாக அறிந்து வைத்திருந்தவர்கள் நாம்.

அந்தக் காலத்தில் கப்பலில் வந்த ஒருவர் கண்டியை ஒரு நாளில் பார்த்துவிட்டுப் போக முடியவில்லை. பார்க்கப் பத்தொன்பது வருடத்துக்கு மேல் ஆனது! ரொபேட் நொக்ஸைச் சொல்கிறேன். புயலில் பாய்மரம் முறிந்த கப்பலைப் பழுதுபார்க்கத் திருகோணமலைப் பக்கம் கொட்டியார்குடாவில் நின்றார்கள். 1660இல் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் அவரையும் தந்தையையும் மற்றவர்களையும் பிடித்துக்கொண்டார்கள். கடைசிக் காலத்தில் அவர் இருந்தது எலதெத்த என்ற ஊரில். நம் பேராதனைக்கு அப்பால்தான் அது. தொப்பி பின்னி விற்றும், ஊர் ஊராகச் சாமான் கொண்டுபோய் விற்றும் பிழைத்தார். அப்படி நடந்து திரிந்ததில் வழிகளைப் படித்துக்கொண்டு 1679இல் தப்பினார். 1681இல் அவருடைய புத்தகம் லண்டனில் வெளிவந்தது. கண்டி இராச்சியத்துச் சாதாரண மக்களின் வாழ்க்கையை அவ்வளவு நெருக்கமாக எழுதிய வெளிநாட்டுக்காரர் அந்தக் காலத்தில் வேறு யார்? மக்களோடு மக்களாக நடந்தவர் என்பதால்தான் அவரால் எழுத முடிந்தது.

*

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பிலிருந்து கண்டிக்கு வீதி போட்டார். கடுகண்ணாவையில் மலையைக் குடைந்த அந்தப் பாறை வாசலை, பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அங்கே உயர்ந்து நிற்கும் கோபுரம், வீதி வேலையை நடத்திய கப்டன் டோசனின் நினைவாக எழுப்பியது. 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே தபால் கோச்சு ஓடத் தொடங்கியது. குதிரை வண்டிதான். காசு கொடுத்தால் யாரும் ஏறலாம் என்ற அர்த்தத்தில், நம் பொதுப் போக்குவரத்தின் முதல் படி அது. கோச்சி என்று நாம் இன்றும் ரயிலைச் சொல்வதற்குள்ளேயும் அந்தப் பழைய கோச்சு ஒளிந்திருக்கிறது என்பது என் எண்ணம்.

அடுத்தது ரயில். ஆளுநர் ஹென்றி வார்ட் 1858இல் முதல் மண்ணை வெட்டினார். 1864 டிசம்பரில் முதல் வண்டி அம்பேபுஸ்ஸ வரை ஓடியது. 1867இல் கண்டிக்கு வந்துவிட்டது. கோப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்கு இறக்கத்தான் போட்டார்கள், மனிதர்கள் பார்த்து மகிழ அல்ல. ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரை ஏறத்தாழ 45 அடிக்கு ஓரடி ஏற்றம். கடுகண்ணாவை ஸ்டேஷன் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,700 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த மலைச்சரிவில் பாறையை உடைத்தும் சுரங்கம் குடைந்தும் பாதை போட்ட தொழிலாளர்களில் பலர் காய்ச்சலில் மாண்டார்கள். ஜன்னல் பக்கம் இருந்து பத்தலேகல மலையைப் படம் எடுக்கும்போது அவர்களையும் ஒரு நிமிடம் நினைக்க வேண்டும்.

அதே 1867இல்தான் ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கம் லூல்கந்துரவில் தேயிலையைத் தோட்டமாகப் பயிரிட்டார். இரண்டு வருடத்தில் கோப்பிச் செடிக்கு நோய் வந்தது. கோப்பிக்காக வந்த கோச்சி தேயிலைக்காக ஓடத் தொடங்கியது.

இங்கே ஒரு கேள்வி. ரயில் வந்ததும் கப்பல் பயணிகள் கண்டிக்கு வந்து குவிந்தார்களா? இல்லை. ஏனென்றால் அப்போது பெரிய தபால் கப்பல்கள் நின்றது காலியில். கொழும்பில் நல்ல துறைமுகம் இல்லை. பருவக்காற்றில் கப்பல் திறந்த கடலில் ஆடும். 1875இல் வேல்ஸ் இளவரசர் கொழும்பில் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். 1880களின் தொடக்கத்தில் தபால் கப்பல்கள் காலியை விட்டுக் கொழும்புக்கு மாறின. சூயஸ் கால்வாய் 1869இலேயே திறந்துவிட்டது. ஐரோப்பாவுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும், ஐரோப்பாவுக்கும் சீனாவுக்கும் ஓடும் கப்பல்கள் எல்லாம் நிலக்கரி ஏற்றக் கொழும்பில் நின்றன.

கரி ஏற்றும்போது கப்பல் முழுக்கக் கரித்தூள். பயணிகள் கரைக்கு இறங்கிவிடுவார்கள். கையில் ஒரு நாள், சிலவேளை இரண்டு நாள். எங்கே போவது? ஏறத்தாழ 75 மைல் தூரத்தில் மலைக்குள் ஒரு பழைய தலைநகர் இருக்கிறது. காலையில் ஏறினால் பகலுக்குப் போய்விடலாம். தபால் கப்பல், துறைமுகம், கோச்சி, மூன்றும் ஒரே காலத்தில் சேர்ந்தபோதுதான் கண்டி “ஒரு நாள் நகரம்” ஆனது. தலதா மாளிகை, வாவி, பேராதனைப் பூங்கா என்ற அந்தப் பட்டியலும் அப்போதே எழுதப்பட்டுவிட்டது. நம் எகிப்து விருந்தாளியின் கையில் இருந்த தாள் அதன் பேரப்பிள்ளை.

1890 நவம்பரில் ரஷ்ய எழுத்தாளர் அன்டன் செக்கோவ் அப்படித்தான் வந்தார். சகாலின் தீவில் கைதிகளின் நரக வாழ்க்கையைப் பார்த்துவிட்டுக் கப்பலில் ஊர் திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கினார். கோச்சியில் கண்டிக்கு வந்துபோனார். பிறகு எழுதிய கடிதத்தில், சொர்க்கத்தைக் கண்டுவிட்டதாக எழுதினார். கப்பலில் இறந்து கடலில் விடப்படும் ஒரு சிப்பாயைப் பற்றிய ‘குசேவ்’ என்ற சிறுகதையை அந்தப் பயணத்தில் எழுதினார். அவர் போகும்போது கீரிப்பிள்ளைகளையும் வாங்கிப் போனார் என்று வகுப்பில் சொன்னால், பிள்ளைகள் மற்ற எல்லாவற்றையும் மறந்து அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்!

1910இல் ஹென்றி கேவ் இலங்கை ரயில் பாதைக்கென்றே ஒரு பெரிய வழிகாட்டிப் புத்தகம் போட்டார். ஸ்டேஷன் ஸ்டேஷனாக, எங்கே இறங்கினால் என்ன பார்க்கலாம் என்று படங்களோடு. நூறு வருடத்துக்கு முன்பே கோச்சியில் ஏறி நாட்டைச் சுற்றிப் பார்ப்பது அப்படி ஒழுங்காகியிருந்தது.

*

இனி எங்கள் பஸ்ஸுக்கு வருவோம்.

பஸ் நிலையத்தில் இரண்டு பேரிடம் கேட்டு ஹல்லொலுவப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டோம். எங்கே இறங்குவது என்பது இன்னும் தெரியாது. கொண்டக்டர் தம்பிக்கும் தெரியவில்லை. நான் சிங்களத்தில் விளக்கிக்கொண்டிருந்தேன். முன் ஸீட்டில் இருந்த ஒரு வயதான சிங்கள அம்மா திரும்பிப் பார்த்து, “பாஷாகே கெதரத?” என்று கேட்டார். பாஷாவின் வீடா என்று. தான் இறங்கும் இடத்துக்கு முன்னால் வரும் என்றும், தானே சொல்வதாகவும் சொன்னார். சொன்னபடியே மாபனாவத்துரப் பக்கம் வந்ததும் கொண்டக்டரிடம் மணியை அடிக்கச் சொல்லி, கையை நீட்டிக் காட்டினார்.

2018 மார்ச்சில் திகனயிலும் தெல்தெனியவிலும் நடந்ததற்குப் பிறகும், 2019 ஏப்ரலுக்குப் பிறகும் நம் பெண்கள் எந்த மனநிலையில் பஸ் ஏறினார்கள் என்பது இதை வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். அதை மறக்கச் சொல்லவில்லை. ஆனால் இதையும் எழுதி வைக்க வேண்டும். நம் சரித்திரத்தை நமக்கே தெரியாதபோது, அது இருக்கும் இடத்தைக் காட்டியது அந்த அம்மாவின் விரல்தான்.

விருந்தாளி அந்த வீட்டு வாசலில் நின்றார். சப்பாத்தைக் கழற்றவா என்று கேட்டார், பள்ளிவாசலுக்குப் போவதுபோல. பிறகு கையேந்திப் பாத்திஹா ஓதினார். நானும் ஓதினேன். அவருடைய ஊர் எகிப்தின் ஷர்கிய்யா மாகாணம். 1841இல் ஒராபி பிறந்ததும் அதே மாகாணத்து ஒரு கிராமத்தில்.

அஹ்மத் ஒராபி விவசாயி வீட்டுப் பிள்ளை. எகிப்து இராணுவத்தில் கர்னலாக உயர்ந்து, “எகிப்து எகிப்தியருக்கே” என்று எழுந்த இயக்கத்துக்குத் தலைவரானார். 1882 செப்டெம்பர் 13இல் தல் அல் கபீர் போரில் பிரிட்டிஷ் படையிடம் தோற்றார். மரண தண்டனை நாடுகடத்தலாக மாறியது. ஆறு தோழர்களோடும் குடும்பத்தினரோடும் ‘மரியோட்டிஸ்’ என்ற கப்பலில் ஏற்றி, 1883 ஜனவரியில் கொழும்பில் இறக்கினார்கள். துறைமுகத்தில் நம்மவர்கள் திரண்டு நின்றார்கள்.

தோழர்களில் ஒருவர் மஹ்மூத் சாமி அல் பாரூதி. நவீன அரபுக் கவிதைக்குப் புத்துயிர் கொடுத்தவர் என்று அரபு உலகம் கொண்டாடுகிற கவிஞர். 1899இல் ஊர் திரும்பும்வரை அவரும் இலங்கையில்தான் இருந்தார். கண்பார்வையை இழந்த நிலையில் போனார். மற்றச் சிலர் திரும்பவே இல்லை, இந்த மண்ணிலேயே அடங்கினார்கள்.

ஒராபி முதலில் கொழும்பில் இருந்தார். கப்பலில் அந்த வழியாகப் போகிற பெரிய மனிதர்கள் அவரைத் தேடி வந்தார்கள். அவருக்காக இங்கிலாந்தில் வாதாடிய வில்ஃப்ரட் ப்ளண்ட் 1883இலேயே இந்தியா போகும் வழியில் இறங்கிப் பார்த்தார். 1892இல் ஒராபி கண்டிக்குக் குடிவந்தார். அதே வருடம் கொழும்பு மருதானையில் அல் மத்ரசதுஸ் ஸாஹிரா தொடங்கியது. இன்றைய ஸாஹிராக் கல்லூரி. அதற்குப் பின்னால் நின்றவர்கள் நம் கண்டியின் பிள்ளை எம். ஸி. சித்திலெப்பை, வாப்பிச்சி மரைக்கார், ஒராபி பாஷா.

சித்திலெப்பையைப் பற்றி நான் விருந்தாளிக்குச் சொன்னேன். 1838இல் கண்டியில் பிறந்தவர், வழக்கறிஞர். 1882இல் கண்டியிலிருந்து ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கினார். எகிப்தில் ஒராபி தோற்ற அதே வருடம். 1885இல் ‘அசன்பேயுடைய சரித்திரம்’ என்ற நாவலை எழுதினார். இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று சொல்லப்படுவது. அந்தக் கதை எங்கே தொடங்குகிறது தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றார். உங்கள் எகிப்தில் என்றேன். மனிதர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

நான் படிப்பித்ததை விட, அன்று அந்த வாசற்படியில் இருந்து நான் படித்தது அதிகம். எகிப்தில் அலெக்ஸாண்ட்ரியா–கெய்ரோ ரயில் பாதை 1856இலும், கெய்ரோ–சூயஸ் பாதை 1858இலும் திறக்கப்பட்டன என்று அவர் சொன்னார். கால்வாய் இல்லாத அந்தக் காலத்தில் ஐரோப்பியப் பயணிகள் ஒரு கடலில் கப்பலை விட்டிறங்கி, கோச்சியில் எகிப்தைக் கடந்து, மறு கடலில் வேறு கப்பல் ஏறி நம் காலிக்கு வந்தார்கள். அவர் நாட்டுக்கும் நம் நாட்டுக்கும் கோச்சியும் கப்பலும் போட்ட முடிச்சு ஒன்றுதான். இப்போதும் அலெக்ஸாண்ட்ரியாவில் கப்பல் நின்றால், பயணிகளை பஸ்ஸில் ஏற்றிப் பிரமிட்டைக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொண்டுபோய்விடுவார்களாம். “எங்களை யாரும் பார்ப்பதில்லை, எங்கள் கல்லைத்தான் பார்க்கிறார்கள்” என்று சொல்லிச் சிரித்தார்.

பிறகு வகுப்பில் நான் எப்போதும் சொல்லும் ஒரு விஷயத்தைச் சொன்னேன். 1901 ஏப்ரலில் ‘ஒஃபிர்’ என்ற கப்பல் கொழும்பில் நின்றது. அதில் வந்தவர் யோர்க் கோமகன், பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர். கொழும்புத் துறைமுகத்துக்கு 1875இல் அடிக்கல் நாட்டிய இளவரசரின் மகன். அவுஸ்திரேலியா போகும் வழியில் ஒரு சின்னத் தரிப்பு. அந்தத் தரிப்பில் அவர் கண்டிக்கு வந்தார், ஒராபியைச் சந்தித்தார். அடுத்த மாதமே ஒராபி ஊர் திரும்ப அனுமதி கிடைத்தது. அந்த வருடமே எகிப்துக்குப் போனார். 1911இல் கெய்ரோவில் வஃபாத்தானார்.

கப்பல் தரிப்பில் கண்டிக்கு வந்த ஆயிரமாயிரம் பேர் எதையோ பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருவர் மட்டும் இங்கே இருந்த ஒரு மனிதரைப் பார்த்தார். பதினெட்டு வருடச் சிறை முடிந்தது. எங்களை யாரும் பார்ப்பதில்லை என்று அந்தப் பெரியவர் சொன்னதை அப்போது திரும்ப நினைத்தேன்.

அந்த வீடு 1983இல் நினைவு இல்லமாக, ஒராபி பாஷா கலாசார நிலையமாக ஆனது. அவர் வந்து நூறு வருடம் நிறைந்த வருடம் அது.

*

நகருக்குத் திரும்பி லுஹர் தொழுதோம். ஒரு சாப்பாட்டுக் கடையில் சோறு சாப்பிட்டோம். வாவிக் கரையில் நடந்து தலதா மாளிகையை வெளியே நின்று பார்த்தார். கப்பல்காரர்களின் பஸ்கள் அங்கே வரிசையாக நின்றன. இரண்டே முக்காலுக்கு ஸ்டேஷனுக்கு வந்துவிட்டோம். அன்று இருவருக்கும் போக வர ஆன பஸ் காசு சில பிளேன்டீக் காசுதான்.

ஸ்டேஷனில் ஒரு சிரிப்பு. அந்தத் தடித்த அட்டை டிக்கட் அவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. கொழும்பில் இறங்கும்போது வாங்கிவிடுவார்களா என்று கேட்டார். வாங்குவார்கள், கெஞ்சிக் கேட்டுப் பாருங்கள் என்றேன். இரவு கப்பலிலிருந்து ஒரு படம் அனுப்பியிருந்தார். டிக்கட் அவர் உள்ளங்கையில் இருந்தது. யாரோ ஒரு டிக்கட் கலக்டர் மனம் இரங்கியிருக்கிறார், அல்லாஹ் அவருக்குக் கிருபை செய்யட்டும்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் நினைத்தது இதுதான்.

தவளம் ஓட்டிய காலத்தில் இந்தப் பாதைகளை எல்லோரையும்விட நன்றாக அறிந்தவர்கள் நாம். இன்று நம் பிள்ளைகள் வேனில் ஏறிப் பாடசாலைக்கு, வேனில் ஏறி டியூஷனுக்கு, பிறகு வீட்டுக்கு. கண்டியில் பிறந்து பதினாறு வயதில் ஓ.எல். எழுதும் பிள்ளைக்கு, தலதா மாளிகையும் வாவியும் பேராதனைப் பூங்காவும் தெரியும். கப்பலில் வந்த வெள்ளைக்காரருக்கு 1890இல் கொடுத்த அதே பட்டியல்! நம் ஊரில் நாமே ஒரு நாள் பயணிகள் ஆகிவிட்டோம். நமக்குத் தெரியாத இடத்தை யாருக்கும் நாம் காட்ட முடியாது. நாம் காட்டாத இடம் எந்தப் பட்டியலிலும் ஏறாது. பிறகு, இங்கே இவர்களுக்கு என்ன சரித்திரம் இருக்கிறது என்று யாராவது கேட்டால், கோபம் வரும், பதில் வராது.

அதனால் அடுத்த மாதம் என் வகுப்புப் பிள்ளைகள் பதினேழு பேரைக் கூட்டிக்கொண்டு போனேன். வேன் இல்லை. பெற்றோர் சிலர் பயந்தார்கள், சமாளித்தேன். காலையில் கோச்சியில் கண்டியிலிருந்து கடுகண்ணாவைக்கு. அங்கே ரயில் நூதனசாலையையும் டோசன் கோபுரத்தையும் பார்த்தோம். பஸ்ஸில் பேராதனை. பிறகு இன்னொரு பஸ்ஸில் ஹல்லொலுவ. இந்த முறை எங்கே இறங்க வேண்டும் என்று கொண்டக்டருக்கு நான் சொன்னேன். ஒராபி பாஷாவின் வீட்டு வாசலில் ஒரு மகள் கேட்டாள்: “சேர், இவர் ஊருக்குப் போகேக்க சந்தோஷமாப் போனாரா, இல்ல கண்டிய விட்டுப் போற கவலையும் இருந்திச்சா?” எந்தப் புத்தகத்திலும் இல்லாத கேள்வி. வந்து பார்த்ததால் வந்த கேள்வி.

ஊராருக்கு என் வேண்டுகோள் மூன்று.

ஒன்று, இந்த விடுமுறையில் ஒரு நாளாவது பிள்ளைகளைக் கோச்சியிலும் பஸ்ஸிலும் கூட்டிப்போய் ஊரைக் காட்டுங்கள். பள்ளிவாசல் நிர்வாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் இதை ஒழுங்குசெய்யலாம்.

இரண்டு, ஸ்டேஷனில் கையில் பையோடு தடுமாறி நிற்கிற பயணியைக் கண்டால் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். அவருக்கு நேரம் குறைவு. நாம் காட்டும் ஓர் இடம், சொல்லும் ஒரு வார்த்தை, அவர் கண்டியைப் பற்றி வாழ்நாள் முழுக்கச் சொல்லப்போவது ஆகிவிடலாம்.

மூன்று, ஸ்டேஷனிலும் பஸ் நிலையத்திலும் மூன்று மொழியிலும் ஒரு சின்னப் பலகை வைக்க நாம் சேர்ந்து கேட்போம். ஒராபி பாஷா இல்லத்துக்கு எந்த பஸ், எங்கே இறங்குவது. இரண்டே வரி போதும். அந்தச் சிங்கள அம்மா எப்போதும் முன் ஸீட்டில் இருக்கமாட்டார் அல்லவா?

உங்கள் வீட்டில் மூத்தவர்கள் கோச்சி, தபால் வண்டி, தவளம் பற்றிச் சொன்ன கதைகள் இருந்தால் கீழே எழுதுங்கள். வாப்பாமார், உம்மம்மாமார் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவர்களும் அதிக நேரம் தரித்து நிற்கிற கப்பல்கள் அல்ல.

பிழை இருந்தால் திருத்துங்கள். வஸ்ஸலாம்.